கம்பம் மெட்டுக் கணக்கு

ஐந்தே முக்காலுக்கு ஜீப்.
பத்துப் பேர் உட்காரும் வண்டியில்
பதினேழாவது ஆளாக என் முழங்கால்.
ஏலக்காய் எடுக்கப் போகும் பதினாறு பேர் மடியிலும்
தூக்குவாளி,
என் மடியில் லேப்டாப் பை.
பதினாறில் ஒருத்தி என் அம்மா.
நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதில்லை.

'எம்.எஸ்.டபிள்யூன்னா என்னன்னு தெரியுமாக்கா?
மாசச் சம்பளம் வராதுன்னு அர்த்தம்.'
சுருளிவேல் இதை
மூன்றாவது கொண்டை ஊசியில்தான் சொல்வான்,
தினமும்.
முதலில் நான் சிரிக்கவில்லை.
அப்புறம் ஒருமுறை சம்பளம்
இரண்டு மாதம் தள்ளி வந்தது.
இப்போது சிரிக்கிறேன்.

வாங்கியது மூன்று லட்சத்து அறுபதாயிரம்.
நான் படித்து, தேர்வெழுதி, வேலை தேடி அலைந்தபோது
அதுவும் சும்மா இருக்கவில்லை,
நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரமாகத்
தேறி நின்றது.
தவணை ஏழாயிரத்து ஐம்பத்து நான்கு,
எண்பத்து நான்கு மாதம்.
அந்த நான்கு ரூபாய் எதுக்கு சார் என்று
கூடலூர் வங்கியில் கேட்டேன்.
சிஸ்டம் போடுறதும்மா என்றார்.

சம்பளம் பதினாலாயிரம்.
எங்கள் நிறுவனத்தில் அதற்குப் பெயர்
மதிப்பூதியம்.
ஊதியத்தில் பாதி வங்கிக்குப் போகும்,
மதிப்பு முழுசாக என்னிடம் இருக்கும்.

அம்மாவுக்கு நாள் கூலி அறுநூறு,
ஜீப்புக்கு எண்பது போக ஐந்நூற்று இருபது,
பெருமழை என்றால் அதுவும் இல்லை.
என்னை இருபத்தாறு நாளால் வகுத்தால்
ஐந்நூற்று முப்பத்தெட்டு.
தவணை போக
இருநூற்று அறுபத்தேழு.
ஒரு ராத்திரி இதை
அவள் கூலிச்சீட்டின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன்.
காலையில் சீட்டு அடுப்பு மேடையில் கிடந்தது.
அம்மாவுக்கு எழுத்து தெரியாது.
எண் தெரியும்.
அன்று எனக்கும் சேர்த்து
நூற்று அறுபதாகக் கொடுத்தாள் சுருளியிடம்.
கடன் பத்திரத்தில் என் கையெழுத்துக்குக் கீழே
அவள் கட்டைவிரல்.

புற்றடிக்கு அப்பால் ஒரு லயம்.
ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பம்.
பையன் புத்வா, பன்னிரண்டு வயது,
காய் எடுப்பதில் கெட்டி,
நாளுக்கு முந்நூறு.
அவனைப் பள்ளியில் சேர்ப்பது என் வேலை.
சட்டம் பேசலாம், அதிகாரியைக் கூட்டி வரலாம்.
நான் கீழே உட்கார்ந்து பேசினேன்.
அவன் அம்மா ஃபுல்மணி
இந்தி கொஞ்சம், மலையாளம் கொஞ்சம்,
மீதிக்கு விரல்கள் வைத்துக் கேட்டாள்:
படித்தால் எவ்வளவு வரும்?
நீ படித்தாயே,
உனக்கு எவ்வளவு வருகிறது?

சொந்த விஷயத்தைப் பயனாளியிடம் பேசாதே.
இரண்டாம் பருவம், மூன்றாம் தாள்.
நன்றாகவே எழுதியிருந்தேன்.

பதினாலாயிரம் என்றேன்.
பாதி கடனுக்கு என்பதையும் சொன்னேன்.
அவள் எழுந்து போய்
கட்டன்சாயா போட்டு எடுத்து வந்தாள்,
எனக்கு மட்டும் சர்க்கரை.
அவர்களுக்கும் உண்டாம்.
ரயில் செலவுக்கு ஏஜென்டிடம் வாங்கியது,
மாதத்துக்கு நூற்றுக்கு ஐந்து.
எத்தனை மாதமாக என்று கேட்டேன்,
பேனாவை எடுத்தேன்.
அசல் எப்போதோ தீர்ந்திருந்தது.
அதை மூன்று தரம் கூட்டிக் காட்டியபோது
பையன்தான் முதலில் புரிந்துகொண்டான்.

திங்கட்கிழமை அவன் பள்ளிக்கு வந்தான்.
அதனால்தானா, தெரியாது.
சீசன் முடிந்ததாலும் இருக்கலாம்.
காலாண்டு அறிக்கையில்
'சேர்க்கை' என்ற கட்டத்தில்
ஒன்று என்று எழுதினேன்.
ஏஜென்ட் கணக்குக்குக் கட்டம் இல்லை.

சாயங்காலம் மெட்டு இறங்கும்போது
வங்கியின் குறுஞ்செய்தி வந்தது.
முன்சீட்டிலிருந்து அம்மா திரும்பினாள்.
'எத்தனையாவது?'
'பதினொண்ணு.'
'இன்னும்?'
நான் சொல்லவில்லை.
அவளே விரல் கணுக்களில் எண்ணத் தொடங்கி,
இரண்டு கையும் தீர்ந்து,
பக்கத்தில் தூங்கிய பஞ்சவர்ணத்தின் கையை
எடுத்து வைத்துக்கொண்டாள்,
கடனாக.