துதிக்கை வைத்த லை

முதல் நாள், தேநீருக்கு முன்பு,
எப்போதும் அந்தத் தாளைத்தான் காட்டுவேன்.
லேமினேஷன் செய்தது. நாலாம் வகுப்பு.
தேவனாம்பட்டினம். இரண்டாயிரத்து ஐந்து, ஜனவரி.
தலைப்பு வருடா வருடம் கொடுக்கிற தலைப்புதான்:
அரையாண்டு விடுமுறையை எப்படிக் கழித்தாய்?

கடல் வந்துச்சு.
அம்மா வரல.

அவ்வளவுதான் எழுதியிருந்தான் தேசப்பன்.
வந்துச்சுவை அடித்து, சிவப்பு மையில், வந்தது.
வரலவை அடித்து, வரவில்லை.
ஓரத்தில்: பேச்சு வழக்கைத் தவிர்.
கீழே வட்டத்துக்குள்
ஐந்துக்கு இரண்டரை.

மஞ்சக்குப்பத்துக் கூடத்தில்
தெற்குக் காற்றென்றால் சிப்காட் நாற்றம் உள்ளே வந்து உட்காரும்,
வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாத ஒரே ஆள்.
தாள் கைமாறும். முதல் வரிசை அடங்கும்.
மூன்றாம் வரிசையில் யாராவது சொல்வார்கள்:
"இவங்கல்லாம் டீச்சரா மேடம்?"
பண்ருட்டி பேட்ச்சில் ஒருவர் எழுந்து வெளியே போய் அழுதார்.
குறிஞ்சிப்பாடி பேட்ச்சில் ஒரே ஒருவர்,
"தப்பு தப்புதானே, பரீட்சையில யாரு மார்க் போடுவா" என்றார்.
அவர்மேல்தான் எனக்கு ஒட்டுதல்.

திருத்தியது யார் என்று நான் சொன்னதில்லை.
பதினாறு வருடம்.
பேனா மூடியைத் திறக்குமுன் இரண்டு தடவை வாசியுங்கள் என்பேன்.
பிள்ளை என்ன சொல்லுது, அதை முதல்ல கேளுங்க என்பேன்.
பயனுள்ள பயிற்சி என்று படிவத்தில் எழுதுவார்கள்.
எலுமிச்சைச் சோறு வறண்டிருந்தது என்றும் எழுதுவார்கள்.

ஓய்வுக்கு முந்தைய ஜூன். கடைசி பேட்ச்.
கரும்பலகையில் வேகமாக எழுதினேன்:
எல்லாப் பிழையும் பிழை இல்லை.
பரங்கிப்பேட்டை ஜைத்தூன் பலகையைப் பார்த்தார்.
மடியிலிருந்த தாளைப் பார்த்தார்.
மறுபடி பலகையை.

நான் அறுபத்தேழில் அரிச்சுவடி படித்தவள்.
எங்கள் லைக்குத் தலைமேல் துதிக்கை உண்டு.
அரசாணை வந்து அதை இறக்கி வைத்தது.
புத்தகம் மாறியது. என் கையும் மாறியது,
நிதானமாக எழுதும்போது மட்டும்.
அவசரம் என்றால் தூக்கிவிடும்.
வரவில்லையில் ஒன்று, இல்லையில் ஒன்று.
பதினேழு வருடம் தள்ளி
அதே யானை.

மாலை, பயணப்படி உறைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஜைத்தூன் வந்து நின்றார்.
என்ன கேட்பார் என்று தெரியும், பதிலும் வைத்திருந்தேன்:
நாற்பத்திரண்டு நோட்டு, சாயங்கால பஸ்,
வகுப்பில் பாதி பெஞ்சு காலி,
எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது,
கைக்கு இலக்கணம்தான் எட்டியது.

அவர் கேட்டது அது இல்லை.
"தாள் உங்ககிட்ட இருக்கே மேடம்,
அப்ப அந்தப் பையன்கிட்ட என்ன இருக்கு?"

ஸ்கேல் வைத்துக் கிழித்தேன் அன்றைக்கு, ஓரம் பிசகாமல்.
பின்பக்கம் கழித்தல் கணக்கு. நாலும் சரி.

ஆகஸ்டில் ஒரு நாள் தேவனாம்பட்டினம் போனேன்.
ஐஸ் பெட்டி ஓரம், கைப்பையை இடுக்கிக்கொண்டு.
"எந்தத் தேசப்பன்? மூணு பேரு இருக்காங்களே"
என்றாள் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தவள்.
அம்மா இல்லாதவன் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அந்த வயசுப் பையன்களுக்கு
இந்தக் கரையில் அது அடையாளம் ஆகாது.
நாலாம் வகுப்பு என்றேன்.
சிரித்தாள்.
"இப்ப ரெண்டு புள்ளைக்கு அப்பன்.
போட்டு வரட்டும், இருங்க டீச்சர்."

டீச்சர் என்று நான் சொல்லவே இல்லை.

வெயில் பட்டு லேமினேஷன் கையில் ஒட்டியது.
என்ன சொல்லிக் கொடுப்பது.
உன்னுடையது.
திருத்தம் என்னுடையது.
இரண்டு வாக்கியமும் வாயில் கட்டுரை மாதிரி இருந்தன.

ஃபைபர் மூக்கு அலைமேல் ஏறி இறங்கியது.
யாரோ கயிற்றை வீசினார்கள்.

போட்டு வந்துச்சு.