லிஃப்ட் கெட்ட வாரம்

செவ்வாயிலிருந்து லிஃப்ட் ஓடவில்லை.
கதவில் ஒட்டிய அறிவிப்புத் தாளில்
எவனோ ஒரு மீசைக்காரனை வரைந்துவிட்டான்.
தினமும் அவன் முகத்தில் விழித்துவிட்டுத்தான்
பதினான்கு மாடி இறங்குகிறோம்,
ஏறுகிறோம்.

வெள்ளி மாலை
பருப்பு பாதி வேகையில்
அடுப்பு இரண்டு முறை விக்கி அணைந்தது.
தோம்பை ஆட்டிப் பார்த்தேன்,
படுக்கவைத்து உருட்டினேன்.
காலி.
பாயான் லெப்பாஸ் பஸ் ஆறரைக்கு.
"ஆ செங் கடையில் லிஃப்ட் இல்லாமல் ஏற்றித் தரமாட்டார்கள்,
ராத்திரிக்கு ரொட்டி சானாய் வாங்கித் தின்னுங்கள்,
நாளைக்குப் பார்க்கலாம்" என்று
மிலோ டின்னுக்கு அடியில் ஐம்பது வெள்ளி வைத்துவிட்டு
ஓடினேன்.

இரவு முழுக்க
அரிசிக் குருணையைவிடச் சிறிய சில்லுகளைக்
கண்ணாடிக் குழாய் வழியே பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை.
விடியும்போது
உலகத்தில் எல்லாமே எனக்கு
கொஞ்சம் பெரிதாகத் தெரியும்.

காலை ஏழரை. படி.
மூன்றாவது மாடியில் காக் நோர் வீட்டுச் சம்பல்,
ஆறாவதில் ஊதுவத்தி,
எட்டாவதில் யாரோ சோப்புத்தூளைக் கொட்டியிருக்கிறார்கள்.
ஒன்பதாவதில்
சண்டை.
என் வீட்டுச் சண்டைக்கு ஒரு சுருதி உண்டு,
எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவேன்.

நடுவில் புதுத் தோம்பு.
அதன் கழுத்தில், அவருடைய பழைய கைலி
இரண்டு பக்கமும் பிடியாக முறுக்கிக் கட்டியிருந்தது.
"நீதான் முதல்ல இறக்கி வெச்ச" என்கிறான் தனேஸ்.
"உன் பக்கம் சாய்ஞ்சா நான் என்னடா பண்ணுவேன்" என்கிறான் யுகேந்திரன்.
சின்னவன் கவின்
ரசீதையும் மிச்சக் காசையும்
ஒரு கையில் இறுக்கிக்கொண்டு
"இன்னும் எண்பது படிம்மா" என்றான்,
எண்ணிக்கொண்டே வந்தவன்.

அவர் இருந்தபோது
மோட்டாரில் கால்களுக்கு நடுவே வைத்துக் கொண்டுவருவார்.
பிள்ளையைத் தூக்குவதுபோல் தோம்பைத் தூக்குவார்.
தோம்பைத் தூக்குவதுபோல் பிள்ளைகளைத் தூக்குவார்,
அதற்குத்தான் திட்டு வாங்குவார்.
போய் ஏழு வருசம்.

கைப்பையைக் கீழே வைத்து
கைலியின் ஒரு முனையைப் பிடித்தேன்.
"நீங்க தள்ளுங்கம்மா."
பெரியவன் குரல் உடைந்து ஆறு மாதம் ஆகிறது,
இன்னும் பழகவில்லை எனக்கு.
படி இருந்த இடத்தில்
கால் ஒரு நொடி படியைத் தேடியது.

வீட்டில்
கிண்ணத்தில் சோப்பு நுரை அடித்து
பழைய பல்துலக்கியால் வால்வைச் சுற்றிப் பூசினான்.
குனிந்து, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு
குமிழி வருகிறதா என்று காத்திருந்தான்.
அவர் செய்வார், இதே மாதிரி.
இவனுக்கு அப்போது ஒன்பது வயது.
தொண்டையைச் சரிசெய்துகொண்டு கேட்டேன்:
"அப்பா பண்றதைப் பார்த்து
ஞாபகம் வெச்சிருந்தியாய்யா?"

தலையைத் தூக்காமல் சொன்னான்:
"யூடியூப்ல பார்த்தேன்."

எனக்கு முகம் விழுந்துவிட்டது.
பிறகு, நிற்க நிற்க, பரவாயில்லை என்று தோன்றியது.
எந்த ஊர்க்காரனோ,
என் அடுப்பு கசியாமல் இருக்க
என் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.
எதிரில் வந்தால்
அவனுக்கும் ஒரு வேளை சோறு போடலாம்.
உதட்டைக் கடிக்கவும் அவனே சொல்லிக்கொடுத்தானா என்று
நான் கேட்கவில்லை.

பருப்பு புளித்துப்போயிருந்தது, கொட்டினேன்.
முட்டை பொரித்தேன். ஆளுக்கு இரண்டு.
தனேஸின் தோளில் கோடாரித் தைலம் தேய்க்கையில்
ஐயோ ஐயோ என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கக் கத்தினான்.
கவின் குப்பை கொட்டப் போனவன்
வாளியோடு திரும்பி ஓடிவந்தான்:
"அம்மா, லிஃப்ட் ஓடுது!"

பெரியவன் ஒரு வார்த்தை சொன்னான்.
வேறொரு நாளாக இருந்திருந்தால்
வாயில் போட்டிருப்பேன்.
இன்றைக்கு எனக்கும்
அதே வார்த்தைதான் வந்தது.
முட்டையைத் திருப்பிப் போட்டேன்.