நூறு வீத மனிதர்

டன்டினோங் தெற்கில், டயர்க்கடைக்குப் பின்னால்
தகரக் கூரையின் கீழ் பதினேழு மேசைகள்.
ஆகாயத்தில் படம் பார்த்தவர்களின் காதழுக்கை
நாங்கள் துடைக்கிறோம்.

பழைய பஞ்சை உரி. துடை.
புதுப் பஞ்சைப் போடு. வயரைச் சுற்று.
பையில் இடு. ஒட்டு.
என் இடக்கை சொல்வழி கேட்கும்.
வலக்கைக்குத் தனியாக ஒரு காலநிலை.
அதனால் பையின் வாயை நான் பல்லால் விரிப்பேன்,
சுப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பும்போது.

சிலவேளை ஹெட்போனில் ஒரு நீள முடி வரும்.
ஒருமுறை தோடு வந்தது, கல் விழுந்த தோடு.
லொறெய்ன் அதை மூன்று நாள் போட்டிருந்தாள்.

வீட்டுக்கு ஒரு துண்டுப்பிரசுரம் வந்தது, தமிழில்.
‘பாதுகாக்கப்பட்ட பணியிடம்’ என்று போட்டிருந்தது.
பாதுகாக்கப்பட்ட காடு தெரியும்.
பாதுகாக்கப்பட்ட குடிநீர் தெரியும்.
காட்டை வெட்டுகிறவனிடமிருந்து காக்கிறார்கள்,
நீரைக் கிருமியிடமிருந்து.
எங்களை?
அண்ணா கடிதத்தை இரண்டாக மடித்தான்.
“உனக்குப் பொழுது போகுதுதானே” என்றான்.
அவனுக்கு வங்கியில் பொழுது போகிறதா என்று
நான் கேட்கவில்லை.

மாசியில், கூரை வெந்த ஒரு நாள்,
ஸ்டொப்வாட்ச்சோடு ஒரு பெண் வந்தாள்.
நல்ல பெண். பெயர் பிரொன்வின்.
என் பெயரைச் சரியாகச் சொல்ல
மூன்று தரம் முயன்றாள்: சு-கிர்-தா.
பல்லைப் பாவிக்கக் கூடாது என்றாள்.
அரை மணி நேரம்.
இருபத்தெட்டு.
அதற்குள் அவள் இருமுறை பேனையை விழுத்தினாள்,
ஒருமுறை மகனுக்கு மெசேஜ் அனுப்பினாள்.
அதை நான் எங்கும் குறிக்கவில்லை.

நூறு வீத மனிதர்
அரை மணியில் நூறு செய்வாராம்.
ஆகவே நான் இருபத்தெட்டு வீதம்.
மணிக்கு ஆறு டொலர் எழுபத்திரண்டு சதம்.

அன்று மத்தியானம் அவரைப் பற்றித்தான் பேச்சு.
யார் அவர், எந்தத் தெருவில் இருக்கிறார்?
அவருக்கு மூத்திரமே வராது என்றான் கொஸ்தா.
அவரை யாரும் காதலித்ததில்லை என்றாள் லொறெய்ன்,
காதலித்திருந்தால் தொண்ணூறுக்கு இறங்கியிருப்பார்.
துய் ஒன்றும் சொல்லாமல்
மூலையில் கிடந்த கதிரையை இழுத்து
அவருக்காக மேசையடியில் போட்டாள்.
இன்றுவரை அது காலி.
புதிதாக வந்த யாராவது உட்காரப் போனால்
பதினேழு பேரும் கத்துவோம்.

இந்த இடத்தை மூடவேண்டும் என்கிறார்கள் சிலர்.
அவர்கள் சொல்வது சரி.
மூடக்கூடாது என்று அழுகிறார் லொறெய்னின் அம்மா.
அதுவும்
இல்லை, அதுவும் சரி என்று எழுத எனக்கு வரவில்லை.
அவருக்கு வயது எண்பத்தொன்று.
அதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

பங்குனியில் சிங்கப்பூரில் மச்சாளின் கல்யாணம்.
எனக்கு ஜன்னலோர இருக்கை.
விமானம் நிமிர்ந்ததும் பணிப்பெண் ஒரு பையைத் தந்தாள்.
பல்லால் திறந்தேன்.
வயர் ஐந்து சுற்று, நுனி இடப்பக்கம் செருகி,
கடைசியில் தேவையே இல்லாத ஒரு முடிச்சு.

லொறெய்ன்.

எத்தனை தரம் சொல்லியிருப்பார்கள் அவளுக்கு,
முடிச்சு வேண்டாம், நேரம் வீண் என்று.

அவிழ்த்துத் தரட்டா என்று அண்ணா கை நீட்டினான்.
வேண்டாம் என்றேன்.
முடிச்சோடு மாட்டிக்கொண்டேன்.
வயர் துளைக்கு எட்டவில்லை.
திரையில் ஒரு புருசனும் பெண்சாதியும்
சத்தமே இல்லாமல் சண்டை பிடித்தார்கள்,
அவுஸ்திரேலியா முடிகிற வரைக்கும்.

இறங்குமுன் கறுப்புப் பையோடு சேகரிக்க வந்தார்கள்.
சட்டை நுனியால் ஒருதரம் துடைத்துப் போட்டேன்.
செவ்வாய்க்கிழமை அளவில் மேசைக்கு வரும்.
பன்னிரண்டு சதம்.