இல்லை என்பதன் பதிப்பு

கரடிப்போக்குச் சந்தி, உரக்கடைக்கு மேல்மாடி.
மூன்று மடிக்கணினி, சுவரில் ஒரு வரைபடம்.
கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் அனுப்பும் கீற்றுகளைக் கோப்பாக்கி
மாற்றங்களை அடுக்கடுக்காய்ச் சேமிப்பது என் வேலை.
எந்தக் கோட்டை யார், எந்தத் திகதியில் நகர்த்தினார்
என்று கேட்டால் மென்பொருள் சொல்லும்.

நேற்று ஜெயசீலி படியேறி வந்தாள்,
சப்பாத்தெல்லாம் செம்மண்.
'பாலையடி கீற்றுப் பதினாலைப் பாருங்கோ,
மாசியில நான் திருத்தினனான்.'
தட்டினேன். கண் இமைக்க முன் பதில்:
மாசியில் யாரும் தொடவில்லை.
'வெயிலுக்க முழங்காலில நிண்டு அளந்து குடுத்தனான்' என்றாள்.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினெட்டாயிரம் சேமிப்பையும் புரட்டினால் விடிந்துவிடும்.
ஆகவே ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு சல்லடை.
தொட்ட கோப்பின் பெயரை ஏழு விதமாய்ப் பிசைந்து
ஏழு இடத்தில் பொட்டு வைக்கும்.
கேட்கும்போது ஏழும் இருந்தால்,
இருக்கலாம், திறந்து பார்.
ஒன்று குறைந்தாலும்
இல்லை. திறக்கவே வேண்டாம்.
அதன் 'இருக்கலாம்' பொய்க்கலாம், நேரம்தான் நட்டம்.
'இல்லை' பொய்க்கக் கூடாது.
அந்த ஒரு சொல்லை நம்பித்தான் இந்த வேகமெல்லாம்.

இரவு பதினொன்றுக்குப் பிடிபட்டது.
பைட்டின் உச்சித் துளி எரிந்தால்
பழைய பதிப்பு அதைக் கழித்தல் எண்ணாய் வாசித்திருக்கிறது,
கடன்காரனைப் பார்ப்பதுபோல.
ஆங்கில எழுத்துக்கு அந்தத் துளி எரிவதே இல்லை.
'ப' எழுத மூன்று பைட், கால் போட்டால் இன்னும் மூன்று,
ஆறிலும் நெருப்பு.

பிழையாய் வைத்த பொட்டைப் பிழையாய்த் தேடியவரை
பிழையே இல்லை.
வருடக்கணக்காய் உண்மைதான் சொன்னது.
போன கிழமை நான் கணினியைப் புதுப்பித்தேன்.
புதியது ஒழுங்காய்ப் பிசைந்து,
ஒழுங்கான ஏழு இடத்தில் தேடியது.
பொட்டுகள் வேறெங்கோ இருந்தன.
ஒரு சரியான கணக்கு
ஒருத்தியின் மாசி மாதத்தை இல்லாமலாக்கியது.

போனில் சொன்னேன்.
'அட, எங்கட கருவி மாதிரி.
கத்தினா ஆணியாயும் இருக்கும், பால்ரின் மூடியாயும் இருக்கும்,
கிண்டிப் பாக்கத்தான் வேணும்.
கத்தாத இடத்திலதான் கால் வைக்கிறது.
காலமை சோதனைக் குழியில பிடிச்சுப் பாக்காம
ஒருத்தரும் உள்ள போறேல்ல.
முதல்நாள் ஆர் எந்த அளவுக்குத் திருகி வைச்சதெண்டு தெரியாட்டி
அது பேசாம இருக்கிறதுக்கு என்ன அர்த்தம்?'
அவள் பின்னால் யாரோ சோற்றுக்குக் கூப்பிட்டார்கள்.

சல்லடையின் தலைமாட்டில் ஓர் எண் உண்டு. ஒன்று.
வாசிக்கிறவன் முதலில் அதைத்தான் வாசிக்கவேண்டும்.
ஒத்துவராவிட்டால் சல்லடையை ஒதுக்கிவிட்டு
ஒவ்வொரு கதவாய்த் திறக்கவேண்டும்,
மெல்ல, பொய்யில்லாமல்.
நான் எழுதிய செருகல் அந்த எண்ணைத் தாண்டிக் குதித்திருந்தது.
மென்பொருளைத் திட்டிய வாயை மூடிக்கொண்டேன்.

'பேரையெல்லாம் இங்கிலீசில மாத்திவிடுங்கோவன்'
என்றான் மாங்குளத்துத் தினேஸ்கரன்.
ஆங்கிலப் பெயர் மட்டுமே உள்ள சேமிப்புக்குப் பழைய சல்லடையே போதும்,
தலைமாட்டு எண்ணை மாற்றினால் முடிந்தது.
தமிழ்ப் பெயருக்கு எல்லாவற்றையும் திரும்பப் பிசையவேண்டும்.
பிசையவிட்டேன்.
பாலையடி, நாவற்காடு, இரட்டைக்கிணறு, பெயரில்லாத ஒரு குளக்கட்டு.
நடுவில் கரண்ட் போனது.
பற்றரியில் ஓடி, மூன்று மணிக்கு முடிந்தது.

கீற்றுப் பதினாலு: மாசி ஒன்பது, ஜெ.
கோடு ஒன்றரை மீற்றர் மேற்கே.

மாங்குளத்துக்குச் செய்தி போட்டேன்:
இரண்டாம் பதிப்புக்கு மாறியாச்சு.
பழையதால எழுத வேண்டாம். உங்கட பக்கமும் மாத்தியாச்சோ?
'ஓம்' என்று வந்தது.
ஓம் என்றால் இருக்கலாம்.
முதல் பஸ்ஸில் போய்த்
திறந்து பார்க்கவேண்டும்.