எட்டாயிரத்து எண்பது

ஷட்டரை முக்கால்வாசி இறக்கியாயிற்று.
திருவொற்றியூர், எல்லையம்மன் கோயில் ஸ்டாப்புக்கு எதிரே
பகலெல்லாம் பட்டாவும் பான் கார்டும் அச்சடித்த கம்ப்யூட்டர்
இனி காலை ஏழு வரை என்னுடையது.
பூங்காவனம் சாவியைக் கொடுக்கும்போது சொன்னார்:
"இன்னா வேணா ஏத்திக்கோ.
பிரிண்டர் மட்டும் காலைல ஓடணும்."

முதல் தடை பயாஸில்.
ஓர் இயந்திரத்துக்குள் இன்னோர் இயந்திரம் நடக்க
அனுமதியை யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள்.
திறக்க எஃப்-டூ அழுத்த வேண்டும்.
எஃப்-டூ இருந்த இடத்தில் ஒரு பள்ளம்.
தலையிலிருந்து ஹேர்பின்னை உருவிக் குத்தினேன்.
மூன்றாம் முறை நீலத்திரை வந்தது.

பன்னிரண்டு அடித்தால்தான் போனில் புது டேட்டா.
அதுவரை ஷட்டருக்குக் கீழே
முழங்கால் உயரத்துக்குத் தெரிகிற உலகம்:
நகராத டயர்கள்,
முட்டுக்கொடுத்த கருங்கல்,
ஒரு டயரின் மேல் காயும் பனியன்,
கேன் தண்ணீரில் கழுவப்படும் யாருடையவோ பாதங்கள்.
மணலியிலிருந்து காற்று திரும்பும்போது
அடுப்பை மூட மறந்ததுபோல் ஒரு வாடை.

இதே வரிசையில், காசிமேடு தாண்டி எங்கோ
லாசர் நிற்கிறான், என் புருஷன்,
நாற்பதடிப் பெட்டியை இழுக்கிறவன்.
உள்ளே என்ன என்று அவனுக்குத் தெரியாது.
ஒரு சீல், ஒரு நம்பர், போய்ச் சேரவேண்டிய கேட்.
"கன்டெய்னருக்குள் என்ன இருக்குன்னு கப்பல் கேக்காது, அதான் இதுல அழகு"
என்றான் ஆன்லைன் வகுப்பில் ஒரு பையன்.
என் மைக் அணைந்தே இருந்தது.

குபர்நெட்டிஸ் என்றால் சுக்கான் பிடிப்பவனாம், கிரேக்கத்தில்.
என் அப்பா விசைப்படகில் அதைத்தான் செய்தார்.
காசிமேட்டில் அதற்கு டிரைவர் என்று பேர்.

பன்னிரண்டு ஏழுக்கு இறங்கத் தொடங்கியது.
அடுக்கு அடுக்காக, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு நீண்டு.
கடைசி அடுக்கு மட்டும் தொண்ணூற்றெட்டில் நின்று
இரண்டு டீ நேரம் யோசித்தது.
பிறகு கட்டளை தட்டினேன்.
நிலை: பெண்டிங்.
ஒரு நிமிடம் கழித்தும் பெண்டிங்.
நினைவகம் போதாதாம். திறந்திருந்த பாஸ்போர்ட் போட்டோக்களை
ஒவ்வொரு முகமாக மூடினேன்.

அப்போதுதான் அவன் கூப்பிட்டான்.
"போர்ட்டுல எடம் இல்லியாம். ஜீரோ கேட்டாண்ட நிக்க வச்சிட்டானுங்க."
"எவ்ளோ நேரமாவும்?"
"நீ துன்னியா?"
பதில் தெரியாதபோது அவன் கேட்பது அது.

பேசும்போதே திரையில் ஒரு சிவப்பு வரி.
அவனுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன்:
போர்ட் எட்டாயிரத்து எண்பது ஏற்கெனவே உபயோகத்தில் உள்ளது.
கொஞ்ச நேரம் இன்ஜின் சத்தம் மட்டும்.
"அங்கியுமா?" என்றான்.

அடைத்துக்கொண்டிருந்தது பூங்காவனத்தின் டோக்கன் மென்பொருள்,
பகலில் சனங்களை வரிசையில் நிறுத்துவது.
ஒரே கட்டளையில் அதைக் கொல்லலாம்.
காலையில் பூங்காவனம் என்னைக் கொல்வார்.
கடைசிச் சுழியை ஒன்றாக்கினேன்.
திறந்துகொண்டது.
அவ்வளவுதான். ஓர் இலக்கம்.
இதை லாசரிடம் சொல்லவில்லை.

வெள்ளைப் பக்கத்தில் நான் எழுதிய ஒரே சொல், வணக்கம்.
பின்னால் அதைத் தாங்கி மூன்று பெட்டிகள்.
பாடம் சொன்னபடி ஒன்றை அழித்துப் பார்த்தேன்.
நான்கு வினாடியில் அதே இடத்தில் இன்னொன்று,
வேறு பெயரோடு.
வணக்கம் அசையக்கூட இல்லை.

போன மாதம் மாசிலாமணி அண்ணன்
ஸ்டீயரிங்கில் சாய்ந்தபடியே போய்விட்டார், இதே வரிசையில்.
அந்த டிரெய்லரை மறுநாள் விடிவதற்குள் வேறொருவர் எடுத்துப்போனார்.
சீட் உயரத்தைக்கூட மாற்றவில்லை என்றான் லாசர்.

நான்கு நாற்பதுக்கு ஷட்டருக்குக் கீழே ஒரு கை
பனியனை எடுத்தது.
டயர் அரைச்சுற்று சுற்றி
நின்றது.

ஏழு மணிக்கு முன்னால் சோதிக்க
ஒரு வெற்றுத்தாள் வைத்து பிரிண்டரை முடுக்கினேன்.
ஓடியது.