மீட்டர் எண்

மேலப்பாளையத்தில் எனக்கு நூற்றுப் பன்னிரண்டு வீடு.
வீட்டுக்கு ஒரு மீட்டர், ஒரு மஞ்சள் குழாய்,
அடுப்படியில் ஒரு திருகு.
ஐந்தாம் தேதிக்குள் எண்ணைக் குறித்து அனுப்பிவிட வேண்டும்.

குழாய் பதித்த வருசம் நான் குழி தோண்டுகிற கூட்டத்தில் இருந்தேன்.
பஜார் திருப்பத்தில் ஜேசிபி
குடிதண்ணீர்க் குழாயைக் கிழித்துவிட்டது.
பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் முடிகிற ஆறு,
எண்பது மைலுக்கு மேல் ஊர் பார்க்காத தண்ணீர்,
முழங்கால் அளவுக்குத் தெருவில் நின்றது.
வசவு வாங்கிக்கொண்டே அதற்குப் பக்கத்தில்
எந்த ஊரென்று தெரியாத ஒன்றுக்கு
நாங்கள் வழி போட்டோம்.

எந்த ஊரென்று பயிற்சி வகுப்பில் காட்டினார்கள்.
சுவரில் ஆசியா. அதன் மேல் அம்புகள்.
ஜப்பானுக்கு, கொரியாவுக்கு,
சீனத்துக்குத் தடித்த ஒன்று,
நமக்கும் ஒன்று.
கிணறுகள் அப்படியேதான் இருக்கு,
அடுப்புதான் பெருகிட்டு என்றார் பொறியாளர்.
எரிப்பதில் ஏறக்குறைய பாதி கப்பலில் வருகிறது.
பூஜ்யத்துக்குக் கீழே நூற்று அறுபத்திரண்டு டிகிரிக்குக் குளிரவைத்தால்
அறுநூறு பிரியாணி அண்டா கொள்கிற வாயு
ஒரு அண்டாவில் அடங்கிவிடுமாம்.
கரண்ட் இல்லை அன்றைக்கு.
விசிறிக்கொண்டே கேட்டோம்.

மைமூன் பீவி வீடு மூன்றாம் மாடி.
ஆடிக்காற்று கொடித்துணியைப் பிய்க்கிறது.
கயத்தாறு பக்கம் இந்நேரம் காற்றாலை எல்லாம் சுற்றும்.
காற்று நம்முடையதுதான்,
அதை அடுப்புக்குள் திருப்பிவிடத்தான் யாருமில்லை.

"என்ன கொம்பையா, இந்த மாசமும் கூடிட்டோ?"
யூனிட் கூடல உம்மா. வெலதான்.
"கப்பலெல்லாம் நிக்குதாம்ல?"
நிக்குது.
நீரிணை என்ற சொல்லை
இந்தத் தெருவில் மீன்காரர் கூட
இப்போது பிசகாமல் சொல்கிறார்.

மகன் உதுமான் கத்தாரில்,
வாயுவைக் குளிரவைக்கிற ஆலையில் வால்வு பார்க்கிறான்.
ஏழு வருசம்.
பொறியாளர் காட்டிய படத்தில்
இங்கிருந்து அங்கே போகிற அம்பு ஒன்றுகூட இல்லை.
இந்தத் தெருவில் மட்டும் பதினெட்டுப் பேர்.

"மூணு நாளா போன் எடுக்கல."
டவர் இருக்காது உம்மா.
"அப்படித்தான் எல்லாரும் சொல்லுதாவ."

மீட்டர் அடுப்படிக்கு வெளியே, ஜன்னலுக்குக் கீழே.
குனிந்து பார்த்தேன். நானூற்றுப் பதினேழு.
புள்ளிக்குப் பின்னால் சிவப்பில் மூன்று எண்.
கடைசி எண் நின்றபாடில்லை,
எட்டு, ஒன்பது, சுழி.
படம் எடுத்தால் மங்கலாக விழுகிறது.
நிமிர்ந்து, அடுப்பைக் கொஞ்சம் அணைங்க என்று சொல்ல வாயெடுத்தேன்.

நீலமாக எரிந்துகொண்டிருந்தது.
பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தாள்.
அடுப்பில் பாத்திரம் இல்லை.

"வருதுல்ல?" என்றாள். "இன்னும் வருதுல்ல?"

வருது உம்மா.
சிவப்பு எண்ணை விட்டுவிட்டு
கறுப்பை மட்டும் எழுதிக்கொண்டு
படியிறங்கினேன்.