திங்களுக்குள் ஒரு வரிசை

சஞ்சிகைக்காரர் கேட்டது லேசான வேலை.
சமத்கா எல்லேகொடவின் படங்கள் ஆறு.
வரிசைப்படுத்த வேணும், படத்துக்கு இரண்டு வரி,
திங்களுக்குள்.
"அவவின்ர எல்லாப் படத்துக்கும்
தமிழில எழுத்துப் போட்டது நீங்கள்தானே அக்கா."

போட்டதுதான்.
வெள்ளவத்தையில், ஒழுங்கையின் கடைசி வீட்டில்,
ரயில் வரும்போதெல்லாம் படத்தை நிறுத்தி,
போனபிறகு ஒரு வசனம் பின்னால் போய்,
நிமிடத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில்.
வரிக்கு முப்பத்தாறு எழுத்து, மிஞ்சக்கூடாது.
திரையில் ஒருவன் உடைந்து அழுதபோதும்
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மின்சார பில்லின் முதுகில் தொடங்கினேன்.

ஆறாவது சுலபம்: 'லிஃப்ட்காரன்'.
அதில் வரும் யாழ்ப்பாணத்துக் கடைக்காரர்
"வாங்க சார், உட்காருங்க" என்கிறார்.
பம்பலப்பிட்டியில் பின்வரிசை முழுக்கச் சிரித்தது.
சிரிக்கிற காட்சி அல்ல. கடை எரியப்போகிறது.
எரிந்தபோதும் சிரிப்பு முழுதாக நிற்கவில்லை.
எல்லேகொட வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா.
அடுத்த படத்துக்கு, படப்பிடிப்புக்கு முதலே
என்னைக் கூப்பிட்டா.
அதற்காக ஐந்தாக்கலாமா?
வெட்டினேன். ஐந்து. திரும்பவும் ஆறு.

முதலாவது, எல்லாரும் சொல்வதுபோல, 'உப்புக் கோடு'.
பதினொரு நிமிடம் ஒருத்தி மீன் வெட்டுவாள், பேச்சில்லை.
அந்தப் பதினொன்றுக்கும் எனக்குக் காசு தந்தார்கள்.
நன்றியில் கொடுக்கிற இடம்
விமர்சனமாகுமா?

'கடனுக்கு ஒரு மழை'யின் முடிவை
மேசையில் இருபது தரம் பார்த்திருக்கிறேன்,
தியேட்டரில் ஒருதரமும் இல்லை.
கரண்ட் அட்டவணைப்படி போன வருஷம் அது,
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை.
முன்னூறு பேர் இருட்டில் இருந்தோம்.
ஒருத்தரும் எழும்பவில்லை.
யாரோ கைப்பேசி வெளிச்சத்தை
வெறும் திரையில் அடித்துப் பிடித்தார்.
அதற்கு எத்தனையாம் இடம்?

'ஈரத் துவாய்' எனக்கு உயிர், காரணம் கேட்கவேண்டாம்.
இன்னொன்றின் பெயர் நினைவுக்கே வரவில்லை,
அதன் ஆயிரத்து நூறு வரியும் எழுதினவள் நான்.

இனி 'பின்னேர பஸ்'.
நாலு என்று போட்டுவிட்டு
எழும்பிப்போய்த் தேத்தண்ணி ஊற்றினேன்.

அதில் மகன் செருப்பை மாட்டிக்கொண்டு
தாயிடம் ஒரு சொல் சொல்வான்.
சிங்களத்திலும் எங்களைப் போலத்தான்,
போகிறவர் வருவதையும் சேர்த்துத்தான் சொல்வார்.
அவன் சேர்க்கவில்லை.
"போறன்." வெறும் போறன்.
முழுப் படமும் அந்தச் சொல்லில்தான் தொங்கியது.

என் விரல்கள், வளர்ந்த வீட்டுப் பழக்கத்தில்,
"போட்டு வாறன் அம்மா" என்று அடித்தன.
எழுத்துக் கணக்கும் சரியாக இருந்தது.

முதல் காட்சியில்
சிங்களம் விளங்கினவர்கள்
இருபதாம் நிமிடத்திலேயே அவனைப் பறிகொடுத்தார்கள்.
கீழே வாசித்தவர்கள்
ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் நிமிர்ந்து இருந்தார்கள்.
நான் நடுவில் இருந்து
இரண்டு பக்கமும் பார்த்தேன்.

வெளியே, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒருவர்,
நான் யாரென்று தெரியாமலே கேட்டார்:
"கடைசி மட்டும் பாத்தன் தங்கச்சி,
பெடியன் ஏன் வரேல்ல?"
"ரெண்டாம் பாகம் வருமாக்கும்" என்றேன்.

எல்லேகொடவிடம் இன்றுவரை சொல்லவில்லை.
திருத்தவும் இல்லை. இப்போதும்
எங்கோ ஒரு விழாவில்
யாரோ அவனுக்காகக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஞாயிறு இரவு பத்தரைக்கு அனுப்பினேன்.
பதினொன்றுக்குத் தொலைபேசி.
"அக்கா, ஆறுதானே கேட்டது, ஏழு கிடக்குது.
'பின்னேர பஸ்' ரெண்டு தரம் வந்திட்டுது,
ஒருக்கா ரெண்டாவதா, ஒருக்கா இலக்கமே இல்லாமல்.
பிழையோ?"

"ஓம், பிழைதான்" என்றேன்.

"அப்ப எதை வெட்ட?"

கடற்பக்கத்தால் ரயில் வந்தது.
அது போகுமட்டும் பொறுக்கச் சொன்னேன்.